கலம் என்னும் பெயர்

2014-ஆம் ஆண்டு டிசம்பர் 18 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பிய எல்.வி.எம்.3 ஏவூர்தியின் உச்சியில், ஆள் ஏறுவதற்கென்றே ஆக்கப்பட்டு, அன்று ஆள் ஏறாமல் சென்ற பொருள் ஒன்று இருந்தது. முனை வெட்டிய கூம்பு வடிவம், ஏறத்தாழ 3.7 டன் எடை. அடிவிட்டம் 3 மீட்டரைச் சற்றே தாண்டும். 126 கிலோமீட்டர் உயரத்தில் ஊர்தியை விட்டுப் பிரிந்து, காற்றின் உராய்வில் வெந்து, வான்குடைகள் விரிய இறங்கி, அந்தமான் பக்கத்து வங்கக் கடலில் அது மிதந்தது. கடலோரக் காவல் படைக் கப்பல் அதை மீட்டுக் கொண்டுவந்து சேர்த்த இடம் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் எண்ணூர் காமராசர் துறைமுகம். நிலக்கரி இறங்கும், மகிழுந்துகள் ஏறும் அந்தத் துறையில் வந்து இறங்கிய அப்பொருளுக்கு நம் மொழியில் பெயர் என்ன?

கூண்டு என்று எழுதியவர்கள் உண்டு. பெட்டகம் என்றவர்கள் உண்டு. விண்கலம் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்தவர்களே மிகுதி. எனக்கு இந்த மூன்றாவது பெயரின்மேல்தான் ஆசை. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும். சொற்களை நேசிக்கும் உங்களுக்கு அந்தச் சுற்று அலுக்காது என்ற துணிவில் தொடங்குகிறேன்.

பழவேற்காட்டு ஏரியை நடுவில் வைத்துப் பாருங்கள். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்கா ஏரிக்கு அடுத்த பெரியது அது. ஏரியையும் கடலையும் பிரித்து நீளும் மணல் தீவில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ஏவூர்தி எழும் நாள்களில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குள் போகவேண்டாம் என்கிறார்கள். விண்ணுக்குப் போகும் கலத்துக்காகக் கடலுக்குப் போகும் கலம் கரையில் நிற்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நம்மிடம். அங்கே தெலுங்கு பேசுவோர் நாளேடுகளில் விண்கலத்தை ‘வ்யோமநௌக’ என்று படிக்கிறார்கள்: வானத்துப் படகு. மேற்கே மலையாளத்தார் அதைப் ‘பஹிராகாச பேடகம்’ என்கிறார்கள்: புறவெளிப் பெட்டி. ஒரு மொழிக்கு அது நீரில் போவது, மற்றொன்றுக்கு அது உள்ளே வைத்துக் காப்பது. தமிழ் எடுத்துக்கொண்ட கலம் என்ற சொல்லில் இந்த இரண்டும் பழங்காலம் தொட்டே ஒன்றாகக் குடியிருக்கின்றன.

அகராதியைத் திறந்தால் கலம் என்ற தலைச்சொல்லின் கீழ் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன: மண்ணால் ஆன ஏனம், உண்ணும் தட்டு, கப்பல், அணி, யாழ், படைக்கருவி, ஆவணம், நெல் அளவு. மலையாளத்தில் கலம் இன்றும் பானை. தெலுங்கில் ‘கலமு’ கப்பலையும் குறிக்கும். சட்டிக்கும் யாழுக்கும், வாளுக்கும் வளையலுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று முதலில் திகைப்போம். பொறுமையாகப் பிரித்தால் இரண்டு இழைகள் தென்படுகின்றன. ஒன்று, ‘கொள்வது’: உள்ளே இடம் வைத்து ஒன்றைத் தாங்குவது. மற்றொன்று, ‘செய்வது’: தேர்ந்த கை ஒன்றால் ஆக்கப்பட்டது. பானையில் இரண்டும் உண்டு. கப்பலிலும் உண்டு. அணியிலும் படையிலும் யாழிலும் இரண்டாம் இழை மேலோங்கி நிற்கிறது. நெல் அளவில் முதல் இழை மட்டும் தங்கியிருக்கிறது. இவற்றுள் எது முதற்பொருள் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் முற்படவில்லை. இரண்டும் பிரியாமல் வந்திருக்கின்றன என்பதே எனக்குப் போதும். கலசம் என்ற சொல்லை இதனோடு முடிச்சுப் போடும் ஆசையும் பலருக்கு வரும். அது வடமொழி வழக்கோடு பிணைந்த தனிக் கதை, இங்கே தொடவில்லை.

புறநானூற்றில் ஒரு பெண், கலம் ஆக்கும் வேட்கோவனைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். தன் தலைவனைப் புதைக்க வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். மனிதரை உள்ளே வைத்துக்கொள்ளும் கலம் பற்றி நம் இலக்கியம் பேசும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. உயிர் போன உடலுக்கு அகலம் கேட்ட கலம், உயிரோடு இருக்கும் மூவர்க்கு அகலம் கணக்கிட்டு ஆக்கப்படும் காலம் வந்தபோதும் பெயர் மாறவில்லை. இத்தகைய தொடர்ச்சி ஒரு மொழிக்கு எளிதில் வாய்ப்பதில்லை என்று எண்ணும்போது சற்றே பெருமிதம் வருகிறது.

நீர்வழி நடப்பனவற்றுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. நாவாய், வங்கம், தோணி, அம்பி, ஓடம், பஃறி, புணை, மிதவை என்று வரிசை நீளும். நாவாய் என்பதை வடமொழி ‘நௌ’வோடும் கிரேக்க ‘நவுஸ்’ஸோடும் உறவாக்கிக் காட்டுவோர் உண்டு, எதிர்ப்போரும் உண்டு, அந்தக் கிரேக்கச் சொல்லின் வழிவந்த ‘நவுட்டேஸ்’ என்னும் மாலுமிதான் விண்வெளி வீரரைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரான ‘ஆஸ்ட்ரனாட்’டின் பின்பாதியில் அமர்ந்திருக்கிறான்: விண்மீன் மாலுமி. கப்பல் என்பதோ கடல் கடந்து மலாய் மொழிக்குள் ‘கபல்’ ஆகிப் போனது என்பது பலர் கொள்கை. அந்த மொழியில் விண்கலத்துக்கு ‘கபல் அங்காசா’ என்று பெயர். ஆக நாம் கரையில் விட்ட கப்பல் அவர்கள் மொழியில் விண்ணேறிவிட்டது. நம் மொழியில் ஏறியது கலம். அமெரிக்கர் பலமுறை ஏவி மீட்ட வானூர்திக்கு மட்டும் விண்வெளி ஓடம் என்ற பெயர் அமைந்தது. இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்துகொண்டே இருப்பது ஓடம் என்பதால் அந்தப் பெயரும் கச்சிதம்.

நிகண்டுகள் இருபத்தேழு நாள்மீன்களுக்குப் பெயர் அடுக்கும்போது கடைசி மீனாகிய இரேவதிக்குத் தோணி, நாவாய் என்ற பெயர்களையும் தருகின்றன. நிலவு மாதந்தோறும் அந்த மீனை அடைந்து கடக்கிறது. நிலவும் தோணியும் வானத்தில் சந்திக்கும் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது.

இனி ஓசைக்கு வருவோம். மண் என்பதோடு கலம் சேர்ந்தால் மட்கலம். ணகரம் டகரமாக இறுகிவிடுகிறது. விண் என்பதோடு கலம் சேர்ந்தால் விண்கலம். ‘விட்கலம்’ என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வராது. தொல்காப்பியர் விண் என்ற சொல்லின் புணர்ச்சிக்கென்று தனி நூற்பா எழுதி, செய்யுளில் அது அத்துச் சாரியை பெறும் என்று இடம் கொடுத்திருக்கிறார். அதன் நடை தனிநடை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. சுட்ட மண்ணின் இறுக்கம் மட்கலத்தின் டகரத்தில் கேட்கிறது, விண்கலத்தின் ணகரமோ மூக்கில் முரன்று தொடர்கிறது. இதில் பொருள் தேடுவது மிகை என்று இலக்கணியர் சொல்லக்கூடும். சொல்லிப் பார்த்துச் சுவைப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

கலம் கலன் ஆவதும் கவனிக்கத்தக்கது. நிலம் நிலன் ஆவதுபோல மகரத்துக்கு னகரம் போலியாக வந்த வடிவம்தான். பொருள் வேறுபாடு இல்லை. ஆனால் வழக்கு வேறுபடுத்திவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல் ஆக்கியவர்கள் பாய்லரைக் கொதிகலன் என்றார்கள், கன்டெய்னரைக் கொள்கலன் என்றார்கள். மின்கலமும் விண்கலமும் மட்டும் மகரத்தோடு நின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தொழிற்சாலைகளில் வேலைசெய்வோர் நாவில் பாய்லரும் டேங்கும்தான் வழங்குகின்றன என்பது உண்மை. மீஞ்சூர்ச் சாலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நோக்கி வரிசையாகப் போகும் லாரிகளின்மேல் இருப்பதை ஓட்டுநர் எவரும் கொள்கலன் என்று சொல்லிக் கேட்க முடியாது. என்றாலும் அறிவிப்புப் பலகையிலும் நாளேட்டிலும் பள்ளிப் புத்தகத்திலும் அச்சொற்கள் உயிரோடு இருக்கின்றன. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பழுதானால், அந்தப் பெயரில்தான் மறுநாள் செய்தி வருகிறது. அணிகலனுக்கும் கொதிகலனுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. சொல்லின் கட்டுமானம் ஒன்றே. அணிகலன், உண்கலம், கொள்கலன், கொதிகலன் எல்லாம் வினைத்தொகைகள். வினைப்பகுதியை முன்னே வைத்தால் போதும், கலம் அந்தத் தொழிலுக்கு உரியதாகிவிடும்.

இந்த வசதியின் அருமை முழுதும் தெரிவது நிலவுக்கு ஆள் சென்ற கலங்களின் படவிளக்க நூல்களைப் பார்க்கும்போதுதான். புறத்தோலை ஒருபக்கம் வெட்டிவிட்டு உள்ளுறுப்புகளைக் காட்டும் வெட்டுத்தோற்றப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் மெல்லிய கோடு ஒன்று வெளியே வந்து ஒரு பெயரில் முடியும். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1969 ஜூலையில் தொடங்கி 1972 டிசம்பர் வரை ஆறு முறை மனிதர் நிலவில் இறங்கியதும் அந்த ஆண்டுகளுக்குள்தான். படம் போட்டுப் பெயர் சொல்லும் பணி தமிழில் சூடுபிடித்திருந்த காலமும் நிலவுப் பயணக் காலமும் ஒன்றாக வந்தது நமக்கு நல்வாய்ப்பு.

அப்போலோவின் வெட்டுத்தோற்றப் படத்தைத் தமிழில் பெயரிட்டுப் பாருங்கள். மூவர் அமரும் கூம்பு, அதற்குப் பின்னே பொறிகள் அடங்கிய உருளை, இவற்றின் முனையில் பிணைந்து செல்லும் நிலவு இறங்கி: மூன்றையும் ஆங்கிலம் ‘மாட்யூல்’ என்கிறது. அந்தச் சொல் இலத்தீன் ‘மாடுலுஸ்’ என்பதிலிருந்து வந்தது; சிற்றளவு என்று பொருள். அளவைக் குறிக்கும் ‘மாடுஸ்’ அதன் தாய். அதே குடும்பத்தில் ‘மாடியுஸ்’ என்றொரு சொல் உண்டு. உரோமானியர் தானியம் அளந்த முகவையின் பெயர் அது. நம் பக்கம் திரும்பினால், பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். தொல்காப்பியர் அளவைப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சொல்லிச் செல்லும் இடத்தில், ககரத்துக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் எழுதிய பெயர் கலம். உரோமாபுரியின் தானிய அளவும் பொன்னேரி வயலின் நெல்லளவும் ஒன்றை ஒன்று அறியாமலே வளர்ந்து நிலவுக் கலத்தின் பெயரில் வந்து சந்தித்துக்கொண்டன. தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்தும் இன்னும் இரண்டு முறை படித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பெயரிடத் தொடங்கினால் கலத்துக்குள் கலமாக விரிகிறது படம். கூம்பின் உட்கூடு காற்றை அடைத்து வைக்கும் அழுத்தக் கலன்: அலுமினியத் தகடுகளுக்கு இடையே தேனடை அமைப்பு. அதற்கு வெளியே எஃகுத் தேனடையால் ஆன மற்றொரு கூடு. அதன்மேல் வெப்பக் காப்பு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணறைகள், ஒவ்வொன்றையும் தொழிலாளர்கள் கையால் பிசின் செலுத்தி நிரப்பினார்கள். வனைதல் என்ற வினையைத் தமிழ் குயவருக்கு மட்டும் கொடுத்தது ஏன் என்று அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பின்னுள்ள உருளைக்குள் எரிபொருள் மின்கலங்கள் மூன்று. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரத்தையும் குடிநீரையும் தந்தவை அவை. அருகே ஆக்சிஜன் கலன்கள். நிலவு இறங்கிக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்த நீண்ட பெயரின் நடுவில் உல்லாசப் பயணத்தையும் குறிக்கும் ‘எக்ஸ்கர்ஷன்’ என்ற சொல் கிடந்தது. அதைப் பின்னர் எடுத்துவிட்டார்கள். அந்தக் கலத்தை நியூயார்க்கை அடுத்த பெத்பேஜில் கிரம்மன் நிறுவனம் கட்டியது. எடை குறைக்க இருக்கைகளையே நீக்கி, இருவரும் நின்றுகொண்டே இறங்கும்படி செய்தார்கள். அறையின் சுவர் சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் தடிப்புத்தான். அது ஈரடுக்குக் கலம். கீழடுக்கு இறங்குவதற்கு, மேலடுக்கு ஏறித் திரும்புவதற்கு. தமிழில் இறங்குகலம், ஏறுகலம் என்று இரண்டே சொற்களில் முடிகிறது, இரண்டும் வினைத்தொகை.

1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் கலன் ஒன்று வெடித்தது. மின்கலங்கள் அடங்கின. மூவரும் இருவருக்கென்று ஆக்கிய நிலவு இறங்கிக்குள் புகுந்து, ஏறக்குறைய நான்கு நாள் அதிலேயே உயிரைக் காத்து மண்ணுக்குத் திரும்பினார்கள். அந்த இறங்கியின் பெயர் ‘அக்குவேரியஸ்’. மேலைநாட்டார்க்கு அது நீர் சுமக்கும் ஆள். நம் பன்னிரண்டு இராசிகளில் அந்த இடத்தில் ஆள் இல்லை, குடம் மட்டும் இருக்கிறது: கும்பம். மூன்று உயிர்களை வெற்றிடத்தில் ஏந்திவந்த கலத்துக்குக் கலம் என்றே பெயர் அமைந்திருந்ததை அக்காலத்தில் யாரேனும் தமிழில் எழுதினார்களோ, எழுதியிருக்க வேண்டும்.

ஊர்தியையும் கலத்தையும் நம் மொழி பிரித்துக்கொண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். பாகன் செலுத்தாமல் தானே போகும் வான ஊர்தியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் பாடினார். அங்கே அது கலம் அன்று, ஊர்தி. ஊர்வது, செல்வது அதன் தொழில். சாட்டர்ன் 5 ஏவூர்தி. அதன் தலையில் இருந்த அப்போலோ கலம். முன்னது தன் வேலை முடிந்ததும் அடுக்கடுக்காகக் கழன்றுவிடும். பின்னது உள்ளே இருப்போர் மீளும்வரை மூடி காக்கும். வடமொழி வழி வந்த யானம் இந்த இரண்டையும் பிரிக்காது. நிகண்டுகளில் ஊர்திக்கும் யானம், மரக்கலத்துக்கும் யானம். சந்திரயானிலும் ககன்யானிலும் இருப்பது அது. பெயராக இனிமையானது, உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் படத்துக்கு ஊர்தியும் கலமும் வேறு வேறாக இருப்பதே உதவும்.

ஆங்கிலத்தின் ‘வெசல்’ என்ற சொல்லுக்கும் ஏனம், கப்பல் என்ற இரு பொருள் உண்டு. இலத்தீன் ஏனத்தின் குறுஞ்சொல்லிலிருந்து வந்தது அது, அதன் பிரெஞ்சு உறவுச் சொல்தான் அம்மொழியில் விண்கலம். ஆகையால் கலம் உலகில் வேறெங்கும் இல்லாத விந்தை என்று நான் சொல்லவில்லை. உள்ளீடற்ற ஒன்றை வனைந்து அதற்குள் ஒன்றை வைத்துக் காக்கலாம், அதையே நீரில் விட்டால் நம்மை ஏற்றிச் செல்லும் என்று மனிதர் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். கலங்கரை விளக்கம் என்ற சொல் மட்டும் நமக்கே உரியது. கலம் கரை விளக்கம்: கரைதல் என்றால் அழைத்தல், காக்கை கரைவதும் அந்தக் கரைதல்தான். கலத்தை அழைக்கும் விளக்கு. பழவேற்காட்டு விளக்கும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கரை என்பதை நிலத்தின் ஓரம் என்று மட்டும் கொள்வோர்க்கு அந்த அழைப்பு கேட்காது.

ஆள் செல்லும் கலத்துக்கு இன்னும் நல்ல அடைமொழி நமக்கு நிலைபெறவில்லை. ஆள் இல்லாததை ஆளில்லா விண்கலம் என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆள் உள்ளதைச் சொல்ல ‘மனிதர்களை ஏற்றிச் செல்லும்’ என்று நீட்டுகிறோம். ஆளேறு கலம் என்று சொன்னால் என்ன? ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என்று மூன்று காலமும் அதில் மறைந்து நிற்கும். 2014-இல் எண்ணூருக்கு வந்ததற்கும் அது பொருந்தும், ஏனென்றால் ஏறப்போவதும் அந்தத் தொகைக்குள் அடங்கும். ககன்யானுக்கும் பொருந்தும், 2040-க்குள் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்குவது என்ற இலக்குக்காகக் கட்டப்படும் கலத்துக்கும் பொருந்தும்.

அந்தப் பயணத்துக்கு வேண்டிய மற்றொரு தொழிலுக்கும் பெயர் தேடவேண்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் 2025 ஜனவரி 16 அன்று விண்ணில் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டன. நாளேடுகள் அதை இணைதல் என்றன. இணை என்பது ஒப்பானவை அருகருகே நிற்பது. தொடாமலும் இணையாக ஓடலாம், தண்டவாளம் அப்படித்தான் ஓடுகிறது. இங்கே நடப்பது ஒன்றின் வாய் மற்றொன்றின் வாயோடு இறுகப் பூட்டிக்கொள்வது. பிணைதல் என்பதே அதற்கு நெருங்கிய சொல் என்று எனக்குப் படுகிறது: முடிச்சும் இறுக்கமும் அதில் உண்டு. பிணைந்த கலங்கள் பின்னர் விடுபடுவதற்கு அவிழ்தல் என்ற சொல்லும் அதனோடு கூடவே கிடைத்துவிடுகிறது.